பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் சுருதியை மாற்றிப் பாருங்கள்

கேள்வி: பன்னிரண்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றவள் நான். ஈரோட்டில் ஒரு நர்சரி பள்ளியில் இசை ஆசிரியராகச் சேர்ந்து ஒரு டெர்ம் முடிந்துவிட்டது. ப்ரீகேஜி முதல் யூகேஜி வரை, வகுப்புக்கு வாரம் ஒரு நாள், நாற்பது நிமிடம். என் சுருதி ஐந்து கட்டை, வகுப்பிலும் அதையேதான் வைக்கிறேன். சரளி வரிசை ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் எழுந்து ஓடுகிறார்கள், மீதிப் பேர் கத்துகிறார்கள். நிர்வாகம் ஆண்டு விழாவுக்குப் பாட்டு தயார்செய்யச் சொல்கிறது. பெற்றோர் "கீபோர்டு எப்போது? மூளை வளர்ச்சிக்கு நல்லதாமே?" என்கிறார்கள். கோடாய், ஓர்ஃப், சுசூகி என்று இசை கற்பிக்கும் முறைகளுக்கான பயிற்சி வகுப்பு விளம்பரங்கள் வருகின்றன, கட்டணம் என் இரண்டு மாதச் சம்பளம். எதில் சேருவது? இன்னொன்று, எல்கேஜியில் ஒரு பையன் இதுவரை வாயே திறக்கவில்லை. அவனுக்குச் சங்கீதம் வராது என்று விட்டுவிடலாமா?

பதில்:

டீச்சர், இந்த வருடம் எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டாதீர்கள். மூன்றில் எது என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால், "ஐந்து கட்டை, வகுப்பிலும் அதையேதான் வைக்கிறேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, குழந்தைகள் ஓடுவதற்கும் கத்துவதற்கும் முக்கால்வாசிக் காரணம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஐந்து கட்டை என்ற அந்தச் சுருதி அளவு உங்கள் தொண்டைக்குச் சரி. நாலு வயதுக் குழந்தைக்கு அந்த ஆதார ஷட்ஜம், அதாவது பாட்டு நிற்கும் அடி ஸ்வரம், எட்டவே எட்டாது. மூன்றிலிருந்து ஐந்து வயது வரை குழந்தைக் குரல் சிரமமில்லாமல் புழங்கும் இடம் மொத்தமே ஐந்தாறு ஸ்வரம்தான். உங்கள் சுருதிப்படி பார்த்தால் பஞ்சமத்தில் ஆரம்பித்து மேல் ஷட்ஜம், போனால் மேல் ரிஷபம், அவ்வளவுதான். நீங்கள் ஸ ரி க ம என்று தொடங்கும்போது அவர்கள் சாதாரணமாகப் பேசுகிற குரலுக்கே கீழே நின்று பாடச் சொல்கிறீர்கள். அங்கே அவர்களால் முனகத்தான் முடியும். முனகலும் வராத குழந்தை எழுந்து ஓடும், நல்ல மனசுள்ள குழந்தை டீச்சரைச் சந்தோஷப்படுத்த வேண்டுமே என்று தொண்டையை இறுக்கிக் கத்தும். இதில் ஒழுங்கீனம் எதுவும் இல்லை.

நாளைக்கே சுருதிப் பெட்டியை இரண்டு கட்டைக்கு வையுங்கள். உங்கள் பழைய பஞ்சமம் இப்போது ஷட்ஜம் ஆகிவிடும். குரலையும் மாற்ற வேண்டும், இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். சபாவில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி திறந்த, கனமான குரலில் பாடித்தான் நமக்குப் பழக்கம், அந்தக் கனத்தைத்தான் குழந்தை காப்பியடிக்கிறது. தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் இன்னொருவரைக் கூப்பிடும்போது குரல் எவ்வளவு இலேசாகும், அந்த அளவுக்கு இலேசாக்கிப் பாடுங்கள். குழந்தைகளுக்கு அந்த மேல் குரலைக் கண்டுபிடித்துக் கொடுக்க ஸ்வரம் தேவையில்லை. ஆம்புலன்ஸ் தூரத்திலிருந்து வந்து போகிற மாதிரி ஒலி எழுப்பச் சொல்லுங்கள், நாய்க்குட்டி கதவுக்கு வெளியே நின்று எப்படி முனகும் என்று கேளுங்கள், மாடியில் இருக்கும் பாட்டியை "பாட்டீ..." என்று இழுத்துக் கூப்பிடச் சொல்லுங்கள். மூன்றிலும் குரல் தானாக மேலே ஏறி வழுக்கும். "இப்ப கூப்பிட்டியே, அந்தக் குரல்லயே பாடு கண்ணு" என்றால் பெரும்பாலான குழந்தைகளுக்குப் புரிந்துவிடும். அப்படியும் ஸ்வரத்தில் சேராத குழந்தை இருந்தால், அது எந்த ஸ்வரத்தில் பாடுகிறதோ அங்கே நீங்கள் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டு குரலும் ஒன்றாக ஒலிப்பது எப்படி இருக்கும் என்பதை அந்தக் குழந்தை ஒருமுறை காதால் உணர வேண்டும், அதன் பிறகு அரை ஸ்வரம், ஒரு ஸ்வரமாக உங்கள் பக்கம் கூட்டிக்கொண்டு வரலாம்.

சரி, சரளி வரிசை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்த ஆரம்பப் பாட வரிசையை நானும் மதிக்கிறேன். ஆனால் உட்கார்ந்து, கேட்டு, திருப்பிச் சொல்லும் பொறுமை வந்த பிள்ளைக்காகப் போட்ட பாதை அது. அதன் ராகமான மாயாமாளவகௌளையில் ஷட்ஜத்தை ஒட்டிய ரிஷபம், அங்கிருந்து காந்தாரத்துக்கு ஒரு பெரிய தாவல். காது இன்னும் நிலைகொள்ளாத மூன்று வயதில் இந்த நெருக்கத்தையும் தாவலையும் எதிர்பார்க்கக் கூடாது. ஏழு வயது வரை நான் தொடவே மாட்டேன்.

ஹங்கேரியின் கோடாய் வழியில் ஆரம்பம் இரண்டே ஸ்வரம்: பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு இறங்குவது, நம் சங்கராபரண காந்தாரம். பிறகு தைவதம் சேரும், அப்புறம் ஷட்ஜம், ரிஷபம். ஸ ரி க ப த. எல்லாம் சேர்ந்தால் என்ன ராகம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரை ஸ்வர நெருக்கம் எங்கேயும் இல்லாததால் குழந்தை அதில் வழுக்கி விழ இடமில்லை. ஜெர்மனியில் ஓர்ஃப் வகுப்புகளிலும் கணக்கு இதேதான். அங்கே குழந்தைகள் தட்டும் சைலஃபோனில் கட்டைகளைத் தனித்தனியாகக் கழற்றலாம். டீச்சர் வகுப்புக்கு முன்னாலேயே மத்யமத்தையும் நிஷாதத்தையும் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார், மிச்சத்தில் எதை எப்படித் தட்டினாலும் காதைக் குத்தாது, அதனால் நாலு வயதுப் பிள்ளைகூடப் பயமில்லாமல் சொந்தமாக எதையாவது வாசித்துப் பார்க்கும். ஆக ஹங்கேரிக்காரரும் ஜெர்மனிக்காரரும் ஆளுக்கொரு வழியில் வந்து சேர்ந்த இடம் மோகனம், அது உங்களுக்குத் தூக்கத்தில்கூட வரும். மோகனத்தில் நாலு வரி, இரண்டு வரி என்று சின்னச் சின்னதாக நீங்களே கட்டுங்கள். ஸ்வரப் பெயர் எதையும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், இப்போது பாட்டு மட்டும் போதும்.

இந்த முறைகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் உங்கள் தயக்கம் குறையும் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். ஸோல்டான் கோடாய் பெரிய இசையமைப்பாளர். பார்டோக் என்ற இன்னொரு இசையமைப்பாளரும் அவரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹங்கேரியக் கிராமங்களில் அலைந்து பாட்டுச் சேகரித்தவர்கள். பள்ளிக்கூடத்துக்கு முந்தைய வயதில் பாட்டைத் தவறவிட்டால் பின்னால் ஈடுகட்ட முடியாது என்று 1941-லேயே மழலையர் பள்ளி இசையைப் பற்றி எழுதினார். ஆனால் அவர் எழுதியதை வகுப்பாக்கியவர்கள் பெண் ஆசிரியர்கள். தினமும் பாட்டு உள்ள முதல் தொடக்கப்பள்ளியை 1950-ல் கெச்கெமேட்டில், அதாவது கோடாய் பிறந்த ஊரில், தொடங்கி நடத்தியவர் மார்த்தா நெமெஸ்ஸெகி. மூன்று முதல் ஆறு வயது வரைக்கான வழியை வகுத்தவர் கத்தலின் ஃபோராய். அவர் 1974-ல் எழுதிய ஆசிரியர் கையேட்டை ஹங்கேரிக்கு வெளியிலும் மொழிபெயர்த்துப் படித்தார்கள், பிறகு உலக இசைக் கல்விச் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். ஓர்ஃப் பெயரில் இருக்கும் குழந்தைப் பாடத்தில் எவ்வளவோ குனில்ட் கேட்மான் என்ற பெண்மணி எழுதியது. ம்யூனிக்கில் மாணவியாக வந்து சேர்ந்தவர், 1948-ல் பவேரிய வானொலிக்காகக் குழந்தைகளை வைத்து நிகழ்ச்சி செய்தவர், அடுத்த வருடத்திலிருந்து சால்ஸ்பர்க்கில் குழந்தைகளுக்கு நேரடியாக வகுப்பெடுத்தவர். முறைகளின் தலைப்பில் ஆண்களின் பெயர் நிற்கிறது, உள்ளே இருப்பது பெரும்பாலும் உங்களைப் போன்ற டீச்சர்கள் தரையில் உட்கார்ந்து கண்டுபிடித்தது. எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

இவர்கள் எல்லோரும் கையில் இருந்ததிலிருந்துதான் தொடங்கினார்கள். ஹங்கேரியில் ஹங்கேரியப் பாட்டு. அதை அப்படியே தூக்கி வந்து ஈரோட்டுக் குழந்தைகளுக்கு ஹங்கேரிய மெட்டில் ஆங்கில வார்த்தை போட்டுச் சொல்லிக்கொடுத்தால், தாய்மொழிப் பாட்டிலிருந்து தொடங்கு என்று கோடாய் வற்புறுத்தியதற்கே அது நேர் எதிர். இப்படி வகுப்பெடுப்பவர்களை நான் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

ஹங்கேரியில் கைக்குழந்தையை மடியில் வைத்து விளையாடும் பாட்டுகள் நிறைய உண்டு. அதில் ஒன்று இப்படிப் போகும்: குழந்தையின் உள்ளங்கையில் அம்மா விரலால் வட்டம் போடுவாள், மெதுவாக, அதே தாளத்தில், திரும்பத் திரும்ப. பிறகு அங்கிருந்து ஒரு முயல்குட்டி கிளம்பிக் கைவழியே ஓடி அக்குளில் புகும், குழந்தை கெக்கலி கொட்டிச் சிரிக்கும். நம் வீடுகளில் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாக மடக்கிச் சோறு கொடுத்து, கடைசியில் நண்டை ஊர விடுவோமே, அதேதான்! அங்கே முயல், இங்கே நண்டு. இரண்டிலும் சூட்சுமம் ஒன்று: முதலில் ஒரே சீரான தாளம், குழந்தைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடுகிறது, வரட்டும் வரட்டும் என்று காத்திருக்கிறது, நாம் வேண்டுமென்றே ஒரு நொடி நிறுத்துகிறோம், அப்புறம்தான் நண்டு. காலப்பிரமாணம், எதிர்பார்ப்பு, இடைவெளி, முத்தாய்ப்பு எல்லாம் அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது. பெரிய கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடியும்போது நமக்கு ஏற்படுகிற பரபரப்புக்கு விதை இங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ப்ரீகேஜிக்கு இதைவிடச் சிறந்த முதல் பாடம் எந்த நாட்டிலும் கிடையாது. இருவர் இருவராக உட்கார வைத்து ஒருவர் கையில் ஒருவர் கடையட்டும்.

இப்படிப்பட்டவற்றைச் சேகரிக்க நீங்கள் கிராமம் கிராமமாகப் போக வேண்டாம். உங்கள் பள்ளியில் ஆயாம்மா இருப்பார். அழுகிற குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு என்ன முணுமுணுக்கிறார் என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று கேளுங்கள். அவர் சுருதிப் பெட்டி வைத்துப் பாடுவதில்லை, ஆனால் குழந்தையின் மூச்சுக்கு ஏற்ற காலப்பிரமாணம் அவரிடம் இருக்கும். அனுமதி கேட்டு மொபைலில் பதிவுசெய்து கொள்ளுங்கள், ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து வந்து நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பாடச் சொல்லுங்கள். குழந்தைகளின் பாட்டிகளையும் அப்படி அழைக்கலாம். தாலாட்டு, ஊஞ்சல் பாட்டு, கும்மி, விளையாட்டில் ஆள் எண்ணும் பாட்டு, எது வந்தாலும் சரி. கொங்குப் பக்கத்துப் பாட்டு உங்கள் குழந்தைகளின் காதில் விழுவதற்கு இன்று உங்கள் வகுப்பை விட்டால் வேறு இடம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஆயாம்மா பேச்சு வந்ததால் இன்னொன்று. வாரம் நாற்பது நிமிடம் வந்துபோகும் உங்களைவிட, நாள் முழுக்கக் குழந்தைகளோடு இருக்கும் வகுப்பு டீச்சர் பாடுகிறாரா இல்லையா என்பது முக்கியம். ஜப்பானில் குழந்தைக் காப்பக ஆசிரியராவதற்கான தேசியத் தேர்வில் செய்முறைப் பகுதி ஒன்று உண்டு: இசை, ஓவியம், கதை சொல்லுதல் மூன்றில் இரண்டை எடுத்துக்கொள்ள வேண்டும், இசையை எடுத்தவர் கருவி வாசித்தபடியே குழந்தைப் பாட்டுப் பாடிக் காட்ட வேண்டும். ஹங்கேரியிலும் மழலையர் ஆசிரியர் பயிற்சியில் பாட்டு உண்டு. அங்கே பாட்டு தனி வகுப்போடு நின்றுவிடுவதில்லை, விளையாட்டு நேரத்திலும் டீச்சர் பாடுவார், வருகிற குழந்தை வரும், விலகுகிற குழந்தை விலகும். நம் ஊர் ஆசிரியர் பயிற்சிப் படிப்பை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. ஆனால் மதிய இடைவேளையில் பத்து நிமிடம் மற்ற டீச்சர்களுக்கு நாலு பாட்டுச் சொல்லிக்கொடுக்க முடியும். "எனக்குக் குரலே இல்லை மேடம்" என்பார்கள். பரவாயில்லை, பிள்ளைகளுக்கு உங்கள் குரல்தான் பிடிக்கும் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

நேரத்தை நிர்வாகத்திடம் பேசிப் பிரித்து வாங்குங்கள். மூன்று வயதுக்கு ஒரே மூச்சில் நாற்பது நிமிடம் கொடுமை. இருபது இருபதாக வாரம் இரண்டு முறை கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வகுப்பில் ஒரே வரவேற்புப் பாட்டு, ஒவ்வொரு முறையும் மாறாமல். பிறகு ஒரு விரல் அல்லது மடி விளையாட்டு, ஒரு நடக்கிற பாட்டு. நடப்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். ஜெனீவாவில் டால்க்ரோஸ் என்ற பேராசிரியர், இசைக் கல்லூரி மாணவர்களுக்கே தாளம் உடம்பில் ஏறவில்லை என்று பார்த்து, நடக்க வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர். குழந்தையின் நடை உங்கள் நடையைவிட வேகம், அதனால் முதலில் அவர்கள் நடைக்கு நீங்கள் தாளம் போடுங்கள், உங்கள் தாளத்துக்கு அவர்கள் நடப்பது அப்புறம். கிலுகிலுப்பை, சின்ன ஜால்ரா, சலங்கை கோத்த கயிறு போதும், சைலஃபோன் வாங்கித் தரவில்லையே என்று நிர்வாகத்திடம் சண்டை வேண்டாம். ஒரே பாட்டை ஐந்தாறு வாரம் பாடுங்கள். சலிப்பு நமக்குத்தான் வரும், அவர்களுக்கு வராது.

கடைசி இரண்டு நிமிடம் உங்களுக்கு. நீங்கள் பன்னிரண்டு வருடம் கற்றதை அவர்களுக்காகப் பாடுங்கள், அவர்கள் திருப்பிப் பாட வேண்டாம், படுத்துக்கொண்டு கேட்கட்டும். முக்கியமாக மிஸ்ர சாபு, கண்ட சாபு என்ற ஏழு, ஐந்து எண்ணிக்கைத் தாளங்களில். எரின் ஹேனன், சாண்ட்ரா ட்ரெஹப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. வட அமெரிக்கக் குழந்தைகளுக்கு அவர்கள் ஊர் நேர்த் தாளத்தையும் பால்கன் நாடுகளின் ஏழெண்ணிக்கை போன்ற கோணல் தாளத்தையும் போட்டுக்காட்டி, நடுவில் தாளத்தைக் கெடுத்தார்கள். ஆறு மாதக் குழந்தைகள் இரண்டிலும் கண்டுபிடித்தன, ஒரு வயதுக் குழந்தைகள் தங்கள் ஊர்த் தாளத்தில் மட்டும்தான் கண்டுபிடித்தன. அந்த ஒரு வயதுக் குழந்தைகளுக்கே கொஞ்ச நாள் அந்த வெளியூர் இசையைக் கேட்கவைத்ததும் திறமை திரும்பிவிட்டது. அதாவது காது பிறக்கும்போது விசாலமாக இருக்கிறது, கேட்காததை விட்டுவிடுகிறது. யூட்யூப் மழலைப் பாட்டெல்லாம் நாலு நாலு எண்ணிக்கையில் ஓடும் காலத்தில், தகிட தகதிமி ஒரு குழந்தையின் காதில் விழ நீங்கள் ஏற்பாடு செய்தால் அது சின்ன காரியம் இல்லை.

மூளை வளர்ச்சி கேட்கும் பெற்றோரிடம் உண்மையையே சொல்லுங்கள். 1993-ல் கலிஃபோர்னியாவில் கல்லூரி மாணவர்களுக்குப் பத்து நிமிடம் மொஸார்ட் போட்டுக் காட்டி ஒரு சோதனை வைத்தார்கள், ஒருவகை இடஞ்சார்ந்த கணக்கில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள், அந்தப் பலன் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. குழந்தைகளைச் சோதிக்கவே இல்லை. அதை வைத்து 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் சிடி கொடுக்க நிதி கேட்கும் அளவுக்குப் போனது. பிறகு வந்த நல்ல ஆய்வுகளில் பலன் சின்னது. 2004-ல் கனடாவில் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரில், ஒரு வருடம் இசை கற்றவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிட மூன்று புள்ளிக்கும் குறைவாகவே கூடியது. 2013-ல் ஹார்வர்டில் நாலு வயதுப் பிள்ளைகளைப் பெற்றோரோடு சில வாரம் இசை வகுப்புக்கு அனுப்பிப் பார்த்ததில் நம்பும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. இதைச் சொன்னால் வகுப்புக்கு ஆள் குறையுமோ என்று பயப்படாதீர்கள். இன்னொன்றும் கூடவே சொல்லலாம்: கனடாவிலேயே 2014-ல், பதினான்கு மாதக் குழந்தைகளைப் பாட்டுக்கு ஏற்பத் தூக்கி ஆட்டினார்கள், எதிரே நின்ற ஆய்வாளர் சிலருக்கு அதே தாளத்தில் ஆடினார், சிலருக்குத் தாளம் தப்பி ஆடினார். பிறகு அவர் கைத்தவறிப் பொருளைக் கீழே போட்டபோது, ஒரே தாளத்தில் ஆடிய குழந்தைகள் அதிகம் எடுத்துக் கொடுத்தன. மார்க் ஏறுவதைவிட இது பெரிது என்று எந்த அம்மாவுக்கும் புரியும்.

கீபோர்டு இப்போது வேண்டாம். ஐந்து வயது விரலுக்குக் கருவி ஆகவே ஆகாதா என்றால், சுசூகி மூன்று வயதிலேயே வயலின் கொடுத்தார், அது வேலை செய்தது. ஆனால் எப்படி? ஜப்பானியக் குழந்தைகள் எல்லோரும் ஜப்பானிய மொழியைத் தடங்கலின்றிப் பேசுகிறார்களே, மொழி வருகிற வழியில் இசை ஏன் வராது என்று கேட்டு அவர் மட்சுமோட்டோவில் தொடங்கிய முறையில், முதலில் அம்மாவோ அப்பாவோ கற்க வேண்டும், குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும், வீட்டில் தினமும் அந்தப் பாட்டுகள் ஒலிக்கும், குழந்தையாகவே "எனக்கும் கொடு" என்று கேட்கும் வரை காத்திருப்பார்கள். நம் வித்வான்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்க்கிற கேள்வி ஞானம்தான் இது. கீபோர்டு கேட்கிற பெற்றோரிடம் "முதலில் நீங்கள் ஆறு மாதம் கற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேளுங்கள். சரி என்பவர் கிடைத்தால் அந்தக் குழந்தைக்குத் தாராளமாக ஆரம்பிக்கலாம்.

ஆண்டு விழாவை நீங்கள் தவிர்க்க முடியாது, வேலை போய்விடும். ஆனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, கரோக்கி டிராக். அதன் சுருதி பெரியவர்களுடையது, வேகம் அதைவிட மோசம், அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று குழந்தைகள் அலறுவார்கள், மூன்று மாதம் நீங்கள் கட்டிய குரல் ஒரு வாரத்தில் போய்விடும். தம்புரா ஒலி, கைத்தாளம், மைக் உங்கள் பக்கம் இல்லாமல் குழந்தைகள் பக்கம், போதும். இரண்டு, எந்தக் குழந்தையிடமும் "நீ பாடாதே, வாயை மட்டும் அசை" என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். ஐந்து வயதில் அதைக் கேட்டுவிட்டு ஐம்பது வயதிலும் பாடக் கூச்சப்படுகிற எத்தனையோ பேரை நான் சந்தித்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் வெண்டா மக்களிடையே 1950-களில் தங்கிப் படித்த ஜான் பிளாக்கிங் என்ற ஆய்வாளர், அங்கே எல்லாக் குழந்தைக்கும் இசை வரும் என்றே எடுத்துக்கொள்கிறார்கள் என்று கண்டார், அதனால் எல்லோருமே பாடினார்கள், ஆடினார்கள். முடிந்தால் நிர்வாகத்திடம் மேடைக்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை திறந்த வகுப்பு வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், பெற்றோர் பிள்ளையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்து கூடவே பாட வேண்டும். நிர்வாகங்கள் முதலில் மறுக்கும், ஒரு முறை நடந்துவிட்டால் பெற்றோரே அடுத்தது எப்போது என்று கேட்பார்கள்.

இப்போது பயிற்சி. இதையெல்லாம் ஒரு வருடம் செய்து பார்த்த பிறகும் சேர ஆசை இருந்தால், உங்கள் வேலைக்குப் பொருந்துவது கோடாய், ஏனென்றால் உங்கள் கருவி குரல். ஆட்டமும் கருவியும் கலந்து செய்ய விருப்பம் என்றால் ஓர்ஃப். சுசூகி தனிக் கருவி ஆசிரியருக்கானது, உங்களுக்கு இல்லை. எதுவானாலும் பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: பயிற்சியில் உண்மையான குழந்தைகள் வகுப்பைப் பார்க்க விடுவார்களா, நான் குழந்தைகளுக்கு எடுப்பதை யாராவது பார்த்துத் திருத்துவார்களா? பெரியவர்கள் மட்டும் வட்டமாக நின்று கைதட்டிவிட்டுச் சான்றிதழ் வாங்கும் மூன்று நாள் வகுப்பு என்றால் அந்தப் பணத்தில் கிலுகிலுப்பை வாங்குங்கள். கெச்கெமேட்டில் கோடாய் பெயரில் 1975-ல் தொடங்கிய நிலையமும், சால்ஸ்பர்க்கில் 1961-ல் தொடங்கிய ஓர்ஃப் நிலையமும்தான் இவற்றுக்கு மூல இடங்கள். உலக இசைக் கல்விச் சங்கத்தில் குழந்தைப் பருவ இசைக்கென்றே தனிக் குழு இருக்கிறது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். ஆயாம்மாவின் பாட்டுகளை எழுதி, எந்த வயதுக் குழந்தை எதை எப்படி வாங்கிக்கொண்டது என்று குறித்து வையுங்கள். அந்தக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லும் தகுதி அந்த நோட்டுக்கு உண்டு, முகஸ்துதிக்குச் சொல்லவில்லை.

அந்தப் பையன். விட்டுவிடக் கூடாது, வற்புறுத்தவும் கூடாது. மூன்று நாலு வயதில் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது சகஜம். அவன் அம்மாவிடம் "வீட்டில் பாடுகிறானா?" என்று கேளுங்கள். குளிக்கும்போதோ விளையாடும்போதோ உங்கள் பாட்டு அத்தனையும் வரிசையாக வருகிறது என்றால் கவலையே இல்லை, வகுப்பில் அவன் பக்கம் பார்க்காமல் பாடிக்கொண்டிருங்கள், கையில் ஒரு ஜால்ராவை மட்டும் கொடுத்துவிடுங்கள். வீட்டிலும் பாட்டு இல்லை, பேச்சும் வயதுக்குக் குறைவு, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் அது சங்கீதப் பிரச்சினை இல்லை, காதைச் சோதிக்க வேண்டும். அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்துக்கொண்டாலே இந்த வயதில் கேட்கும் திறன் மந்தமாகிவிடும், கவனித்தால் சரியாகவும் கூடியது. அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டால் எங்கே சோதிப்பது என்று சொல்வார்கள். அம்மாவிடம் பயமுறுத்தாமல் சொல்லுங்கள், அடுத்த டெர்ம் வரை தள்ளிப்போட விடாதீர்கள்.